கட்டியிலிருந்தே தடுப்பூசி: கேள்வி பதில்

புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கொண்டு அந்த நோயாளிக்கே தடுப்பூசி செய்யும் முயற்சி பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: வெப்ப அதிர்ச்சிப் புரதம் சூட்டில் மட்டும்தான் உண்டாகுமா?

இல்லை. 1962-ல் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தபோது இன்குபேட்டரில் சூடு ஏறிப்போய், குரோமோசோமில் புதிய வீக்கங்கள் தெரிந்தன. பெயருக்குக் காரணம் அதுதான். மற்றபடி இவை எல்லாச் செல்களிலும் எப்போதும் உண்டு. பிற புரதங்கள் ஒழுங்காக மடிய உதவுவதே அன்றாட வேலை.

கேள்வி: எல்லாச் செல்லிலும் இருப்பது புற்றுநோயை மட்டும் எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

இந்தத் துறையே சுற்றிவந்த கேள்வி இது. ஜிபி96, எச்எஸ்பி70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் செல்லுக்குள் உடைபட்ட புரதங்களின் துணுக்குகளைச் சுமந்து திரிகின்றன. கட்டியிலிருந்து பிரித்தெடுத்தால், அந்தக் கட்டியின் மரபணு மாற்றங்களில் பிறந்த துணுக்குகளும் கூடவே வரும். நோயெதிர்ப்பு மண்டலத்தின் காவலாளியான டென்ட்ரிடிக் செல், தன் மேற்பரப்பிலுள்ள சிடி91 என்ற ஏற்பி வழியாக இந்தச் சுமையை உள்வாங்கி, துணுக்குகளை நோயைத் தாக்கும் டி செல்லிடம் காட்டுகிறது. நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் பிரமோத் ஸ்ரீவாஸ்தவாவின் குழு 1993-ல் எச்எஸ்பி70-இலிருந்து துணுக்குகளை உதிர்த்துவிட்டு எலிகளுக்குக் கொடுத்தது, பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆக, அடையாளம் துணுக்கில்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த வாரம் சிறுநீரகக் கட்டி அறுவை. கட்டியைப் பத்திரப்படுத்தினால் தடுப்பூசி செய்ய முடியுமா?

உங்கள் தவிப்பு புரிகிறது. நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்து செய்த விட்டெஸ்பென் என்ற தடுப்பூசியைச் சிறுநீரகப் புற்றுநோயில்தான் பெரிய அளவில் சோதித்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: ஊசி போட்ட 361 பேரில் 136 பேருக்கும், போடாத 367 பேரில் 146 பேருக்கும் நோய் திரும்பியது. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு ரஷ்யா அனுமதித்தது என்றாலும், இந்த எண்களைப் பார்த்தபின் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்ட கட்டி இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடனே உறையவைக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பயாப்ஸி அறிக்கை வந்ததும், நோய் திரும்பும் அபாயம் எவ்வளவு, அறுவைக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து அப்பாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தெளிசெல் (clear cell) என்ற சிறுநீரகப் புற்றுநோய் வகையில் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அது பலன் தந்திருக்கிறது.

கேள்வி: நீராவிக் குளியல் எடுத்தால் இந்தப் புரதம் கூடுமே, அது போதாதா?

போதாது. செல்லுக்குள் இப்புரதம் கூடினால் அந்தச் செல் சாகாமல் தப்பிக்கத்தான் உதவும். புற்றுநோய்ச் செல்லுக்கும் அது பொருந்தும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எச்எஸ்பி90 என்ற புரதத்தை முடக்கும் மருந்துகளைத் தேடிப் போனதும் அதனால்தான்.