1970 ஷெவர்லே செவெல் காரில் 307 (கன அங்குல) வி8 எஞ்சின் போய்விட்டது. குறைந்த செலவில் எதை மாற்றிப் போடலாம்?

ஜங்க்யார்டில் (பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில்) கிடைக்கும் 5.3 லிட்டர் எல்எஸ் (ஷெவர்லேயின் புதுத் தலைமுறை வி8) எஞ்சினா, பழைய 350-யா என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தக் கையிருப்பே இரண்டாயிரம் டாலர் என்றால் 350 போடுங்கள். இதைச் சொல்கிறவன் தன் 1971 செவெல்லில் 5.3 போட்டவன்.

307-உம் 350-உம் ஷெவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8 குடும்பம். மவுன்ட், கியர்பாக்ஸ், பெட்ரோல் பம்ப் எல்லாம் அப்படியே பொருந்தும். இரண்டு சனி ஞாயிறில் வேலை முடிந்துவிடும்.

5.3 கதை வேறு. எஞ்சினை 500 டாலருக்கு வாங்கிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஹாய்ஸ்டில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினால், பிக்கப் டிரக்குக்கென்று செய்த ஆழமான ஆயில் சம்ப் (எஞ்சினின் அடித்தொட்டி) காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்து நின்றது. திரும்பத் தூக்கி, 1998-2002 கமேரோ காரின் சம்ப்பைத் தேடிப் பிடித்தேன். சம்ப் மாறினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயும் மாற வேண்டும். அதற்குத் தனிக் காசு.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இதற்கு 58 வேண்டும். டேங்க்குக்குள் எலக்ட்ரிக் பம்ப், புது பைப், ரெகுலேட்டர். டிரக்கின் திருட்டுத் தடுப்புப் பூட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கவும் ஆள் பிடிக்க வேண்டும். பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்வதானால், 5.3-இன் கிராங்க் ஷாஃப்ட் முனை ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளியிருப்பதால் இடையில் ஸ்பேசர் போட வேண்டும். எல்லாம் சேர்ந்து எனக்கு 4,000 டாலரைத் தாண்டியது, என் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமலே.

வருத்தமா என்றால், இல்லை. பனிக்காலக் காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. அதோடு வந்த 4எல்60இ கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் மேல் கியர்) இருப்பதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறுவதில்லை. 307-க்குச் சொன்ன 200 குதிரைத்திறன், சைலன்சர்கூட மாட்டாமல் சோதனை மேடையில் அளந்தது. 5.3-இன் 285 அப்படியில்லை, எல்லாம் மாட்டி அளந்தது. தினமும் ஓட்டப்போகிறீர்கள், ஆறு மாதம் கார் ஷெட்டில் நின்றாலும் பரவாயில்லை என்றால் இதையே போடுங்கள்.

வாங்கப் போனால் 1999 முதல் 2006 வரையிலான சில்வராடோ பிக்கப்பைப் பாருங்கள். விஐஎன் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) எட்டாவது எழுத்து T என்றால் எல்எம்7 என்ற 5.3 வகை, அதுதான் வேண்டியது. 2007-க்குப் பிறகு வந்த பலவற்றில் பாதி சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அதன் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் பாகங்கள்) தொல்லை கொடுக்கும், நான் தொடமாட்டேன். ஆயில் மூடியைத் திறந்து, அடியில் பால் காப்பி மாதிரி நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், நகர்ந்துவிடுங்கள்.

வயரிங்கை வெட்டாமல், கம்ப்யூட்டர், ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே நாளில் கழற்றுங்கள். நான் பெடலை மட்டும் மறந்துவிட்டு அடுத்த வாரம் 40 மைல் திரும்பிப் போனேன். அதற்குள் அந்த டிரக்கை நசுக்கிவிட்டிருந்தார்கள்.