ஸனதும் செல்போனும்

அன்புள்ள ஐயா,
என் மகன் அரபுக் கல்லூரி விடுதியில் தங்கி ஓதுகிறான். ஏழாண்டு ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்பில் இது நான்காம் ஆண்டு. அங்கே செல்போன் கிடையாது. எனக்கு அது நிம்மதி. ஆனால் பெருநாள் விடுமுறையில் வந்தவனுக்கு இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை. இளையவன் சிரிக்கிறான். நான் அவனைப் பின்தங்க விட்டுவிட்டேனா?
ஒரு தந்தை, பொதக்குடி

அன்புள்ள சகோதரருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அரபு இலக்கணமான நஹ்வும் ஸர்ஃபும் மனத்தில் ஏற வேண்டிய வயதில் செல்போன் இல்லாதது நல்லதே. விண்ணப்பம் நிரப்புவது ஒரு மாலையில் வந்துவிடும். என் கவலை வேறு. ஸனது (ஆலிம் பட்டம்) வாங்கியபின் அவன் முத்துப்பேட்டையிலோ பண்டாரவாடையிலோ இமாமாக நிற்பான். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் "ஹஜ்ரத், இது உண்மையா?" என்று அவனிடம்தான் கொண்டுவருவார்கள்.

"ரமலான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராம்" என்று நபிமொழியாக ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றுகிறது. என் சாச்சி அனுப்பியதை எங்கள் பள்ளிவாசல் இளம் இமாமிடம் காட்டினேன். "எந்தக் கிதாபு (நூல்)? அறிவிப்பாளர் யார்?" என்றார். செய்தியில் இரண்டும் இல்லை. மடிக்கணினியில் மக்தபா ஷாமிலாவைத் திறந்தார். ஆயிரக்கணக்கான அரபுக் கிதாபுகள் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. சொற்களை மாற்றி மாற்றித் தேடினார், அகப்படவில்லை. "ஸனது (அறிவிப்பாளர் தொடர்) இல்லாததை நபியின் பெயரால் பரப்பக் கூடாது" என்று அந்த ஜும்ஆவிலேயே சொன்னார்.

இப்படித் தேட அவருக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லையாம். அதுதான் என்னை வருத்துகிறது. லால்பேட்டை மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி 1862இல் தொடங்கியது; அவ்வளவு பழைய படிப்பு நம் பக்கத்தில் இருக்கிறது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றல் எப்படிப்பட்டது என்று துருவுவதுதானே ஹதீஸ் (நபிமொழி) கலை! பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்னும் குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்து ஆறாம் வசனத்தையும் பிள்ளைகள் ஓதுகிறார்கள். அதே கேள்விகளை ஒரு வாட்ஸ்அப் படத்தின்மீதும் கேட்கப் பழக்கினால் போதும். (ஆலிம் பட்டத்துக்கும் அறிவிப்பாளர் தொடருக்கும் நாம் ஸனது என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.)

அடுத்த முறை போகும்போது, குதுப்கானாவில் (நூலகத்தில்) ஒரு கணினி வைக்கலாமா என்று கல்லூரிப் பொறுப்பாளரான நாஜிரிடம் கேளுங்கள். ஷாமிலா இணையமில்லாமலே இயங்கும், அஞ்ச வேண்டியதில்லை. கடைசி இரண்டாண்டு மாணவர்கள் வாரம் ஒரு நாள், உஸ்தாத் (ஆசிரியர்) பக்கத்தில் இருக்கத் தேடட்டும். கணினிப் பிரதியில் எழுத்துப் பிழைகள் உண்டு. அச்சுக் கிதாபை எடுத்து ஒப்பிடவும் பழகட்டும். என்னிடம் ஒரு கணினி சும்மா இருக்கிறது. கல்லூரி சம்மதித்தால் நானே கொண்டுவந்து தருகிறேன்.