வாசகர் கேள்வி பதில்: வேலூர் ஆயர்

கேள்வி: வேலூர் மறைமாவட்டம் நான்காண்டுகள் ஆயர் இல்லாமல் இருந்ததாக எங்கள் தெருவிலுள்ள கத்தோலிக்க நண்பர்கள் சொல்கிறார்கள். ஆயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? விண்ணப்பித்துப் பெறும் பதவியா அது?
— வாசகர், குடியாத்தம்

பதில்: நண்பர்கள் சொன்னது சரிதான். ஆயர் என்றால் பிஷப், அவர் பொறுப்பில் உள்ள பகுதியே மறைமாவட்டம். ஆயர் சவுந்தரராஜு பெரியநாயகம் 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கவிருந்த நாட்களில், இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆயராக அம்புரோஸ் பிச்சைமுத்து நியமிக்கப்பட்டது 2024-இல். ஆயர் பதவிக்கு விண்ணப்பமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஒரு மறைமாநிலத்தின், அதாவது ஒரு பேராயரின் தலைமையில் அமைந்த மறைமாவட்டத் தொகுதியின், ஆயர்கள், தகுதியுள்ள குருக்களின் பட்டியலை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையாவது கூடித் தயாரித்து உரோமைக்கு அனுப்பி வைப்பார்கள். ஓர் இடம் காலியாகும்போது, டெல்லியில் இருக்கும் திருத்தந்தையின், அதாவது போப்பின், தூதர் குருக்களிடமும் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் சிலரிடமும் மறைவாக விசாரித்து, மூன்று பெயர்களைத் தம் கருத்துடன் உரோமைக்கு அனுப்புவார், முடிவு திருத்தந்தையுடையது. வயது குறைந்தது 35 ஆகியிருக்க வேண்டும். குருவாகி ஐந்தாண்டுகளாவது கடந்திருக்க வேண்டும். விவிலியம், இறையியல், திருச்சபைச் சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் மேற்பட்டமோ ஆழ்ந்த புலமையோ இருக்க வேண்டும். அறிவிப்பு உரோமையில் நண்பகலில் வெளியாகும். நமக்கு அது பருவத்துக்கேற்ப மாலை மூன்றரை அல்லது நாலரை மணி. சம்பந்தப்பட்ட குருவிடம் அதற்கு முன்பே சம்மதம் கேட்டிருப்பார்கள் என்றாலும், அந்த மணி அடிக்கும்வரை அவர் பெற்ற தாயிடம்கூட வாய் திறக்கக் கூடாது.

ஆயர் இல்லாத காலத்தில் நிர்வாகம் நின்றுவிடுவதில்லை. ஆலோசகர் குழுவைச் சேர்ந்த குருக்கள் எட்டு நாட்களுக்குள் ஒருவரை நிர்வாகியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும், அல்லது உரோமையே ஒருவரை நியமிக்கும். ஆனால் ஆயர் பீடம் காலியாக இருக்கையில் புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்க் கோவில்களில், பூசை நடக்கும், பள்ளிகள் நடக்கும். பெரிய முடிவுகள் காத்திருக்கும். நான்காண்டுக் காத்திருப்பு ஒரு மறைமாவட்டத்துக்கு மிக நீண்டது என்பதே என் கருத்து.

கேள்வி: வேலூருக்கு இதுவரை எத்தனை ஆயர்கள்? அவர்களில் பலர் டான் பாஸ்கோ சபையினர் என்பது உண்மையா?
— வாசகி, ஆற்காடு

பதில்: உண்மை. டான் பாஸ்கோ சபையினரைச் சலேசியர் என்பார்கள். வேலூர் மறைமாவட்டம் 1952 நவம்பரில், சென்னை – மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகி, 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மீண்டும் பிரிந்தபோதும், ஆயரின் எல்லை பெரும்பாலும் அந்தப் பழைய வடஆற்காடாகவே இருந்து வருகிறது. சேத்துப்பட்டுக்காரரும் திருப்பத்தூர்க்காரரும் கலெக்டர் அலுவலகத்துக்கு வெவ்வேறு திசைகளில் பேருந்து ஏறினாலும், ஆயர் இல்லம் என்றால் இருவருக்கும் வேலூர்தான்.

முதல் ஆயர் மரியசெல்வம் சலேசியர், 1954-இலேயே காலமாகிவிட்டார். ஒரு மறைமாவட்டத்தை இல்லாத நிலத்திலிருந்து எழுப்ப வந்தவருக்கு அத்தனை குறைந்த காலமே கிடைத்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அடுத்து 1956-இல் வந்த டேவிட் மரியநாயகமும் சலேசியரே. உலகெங்குமுள்ள ஆயர்கள் உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த 1962 – 65 ஆண்டுகளில் வேலூர் ஆயராக இருந்தவர் அவர்தான். இலத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு மாறிய காலம் அது. 1970 முதல் 1980 வரை இராயப்பன் அந்தோணிமுத்து. 1981-இல் வந்த மைக்கேல் அகஸ்டின் 1992-இல் புதுவை – கடலூர் பேராயராகச் சென்றார். அவருக்குப் பின் வந்த சின்னப்பா 2005-இல் சென்னை – மயிலைப் பேராயரானார். 2006-இல் சவுந்தரராஜு. சின்னப்பா, சவுந்தரராஜு இருவரும் சலேசியர்கள். ஆக, 2024-இல் வந்த அம்புரோஸ் பிச்சைமுத்துவையும் சேர்த்து இதுவரை எழுவரில் நால்வர்.

இதற்குக் காரணம் உண்டு. சென்னை உயர்மறைமாவட்டம் 1928-இல் சலேசிய சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களது உழைப்பு வடஆற்காட்டில் வேரூன்றியது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-இல், அதாவது மறைமாவட்டம் பிறப்பதற்கு முன்பே, அவர்களால் தொடங்கப்பட்டது. காட்பாடி காந்தி நகரில் சலேசிய சகோதரிகளின் ஆக்சீலியம் கல்லூரி 1954-இல் வந்தது. துறவற சபையைச் சேர்ந்த ஒருவர் ஆயரானால் சபையின் உறுப்பினராகவே இருப்பார். ஆனால் அதன்பின் அவர் கீழ்ப்படிய வேண்டியது சபைத் தலைவருக்கு அல்ல, திருத்தந்தைக்கு.

கேள்வி: வேலூரில் இரண்டு பிஷப்புகள் இருக்கிறார்களே, இருவரும் ஒன்றா?
— மாணவர், இராணிப்பேட்டை

பதில்: இல்லை. இன்னொருவர் தென்னிந்தியத் திருச்சபையின், அதாவது சி.எஸ்.ஐ.யின், பேராயர். அவர் மணம் செய்துகொள்ளலாம். அங்கே அந்தந்தப் பகுதித் திருச்சபையின் மன்றம் வாக்களித்துச் சில பெயர்களை அனுப்ப, அவர்களுள் ஒருவரைத் தலைமைப் பேரவை தேர்ந்தெடுக்கிறது. 2013-இல் முதல்முறையாக ஒரு பெண்ணும் அப்பதவிக்கு வந்தார். கத்தோலிக்க ஆயர் மணமாகாதவர். 75 வயதில் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: கத்தோலிக்கர் ‘பேராயர்’ என்பது ஆயருக்கு மேற்பட்ட நிலையினரை, சி.எஸ்.ஐ.யில் எல்லா பிஷப்பும் பேராயரே.

கேள்வி: என் பாட்டி ஆயரை ‘மேற்றிராணியார்’ என்பார். அது என்ன சொல்? ஆயரின் அன்றாட வேலைதான் என்ன?
— வாசகி, சேத்துப்பட்டு

பதில்: பாட்டியின் சொல் பழமையானது. சிரியாக் மொழியிலிருந்து மலையாளத்தில் ‘மெத்ரான்’ என்று வழங்கும் சொல்லே தமிழில் மேற்றிராணியார் ஆயிற்று, பேராயர் அதிமேற்றிராணியார். ‘ஆயர்’ என்பது ஆடு மேய்ப்பவர் என்ற பொருளிலேயே நிற்கும் நல்ல தமிழ்ச்சொல் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

அவரது நாளின் பெரும்பகுதி, வெளியார் நினைப்பதுபோல் பூசையிலும் ஊர்வலத்திலும் கழிவதில்லை. பங்குத்தந்தையரின் இடமாற்றம், பள்ளிக் கணக்கு, நிலத் தகராறு, ஒரு பங்கில் இரு தரப்பினரிடையே மூண்ட பிணக்கு என்று மேசையில் கோப்புகள் குவிந்து கிடக்கும். ஐந்தாண்டுக்கொரு முறை மறைமாவட்டத்தின் முழு அறிக்கையோடு உரோமைக்குச் செல்ல வேண்டும். இவற்றுக்கிடையே ஊர் ஊராகப் போய் திருமுழுக்குப் பெற்றவர்களை நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்தை வழங்குவதும் அவர் கடமை.

திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அதை ஒருமுறை நேரில் கண்டேன். வெள்ளை உடையில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆயர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, திருத்தைலத்தில் தோய்த்த கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டே வந்தார். கடைசியாக நின்ற சிறுமிக்குப் பயத்தில் குரல் வெளிவரவில்லை. பின்னால் இருந்தவர்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயர் அவர்களைக் கையமர்த்திவிட்டு, ஆயருக்குரிய உயரமான தொப்பியாகிய தலைச்சீரா அணிந்த தலையைக் குனிந்து, தம் காதை அவள் வாயருகே கொண்டுபோய்க் காத்திருந்தார். அவளே சொன்ன பிறகுதான் தைலக் கிண்ணத்தில் விரலை வைத்தார்.