கதவில் ஒட்டிய நோட்டீஸ்: எதற்கு எத்தனை நாள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடமானச் சொத்து தொடர்பானவை. எல்லாவற்றிலும் ஒரே பதற்றம் தெரிகிறது. நோட்டீஸைப் பார்த்தவுடன் பயப்படுகிறார்கள். அதிலுள்ள தேதியைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் கூட்டாகக் கையெழுத்திட்டு, குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து அவருடைய பனியன் தொழிலுக்குக் கடன் வாங்கினோம். ஆர்டர் குறைந்ததால் ஏழு மாதமாகத் தவணை கட்டவில்லை. போன வாரம் வங்கி அதிகாரி வந்து வாசல் கதவில் உடைமை அறிவிப்பு ஒட்டிவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு போனார். ஏற்கெனவே 60 நாள் நோட்டீஸ் அனுப்பியதாக அதில் எழுதியிருக்கிறது. எனக்கு எந்தத் தபாலும் வரவில்லை. வீடு கைவிட்டுப் போய்விட்டதா? தபால் வராததால் எதுவுமே செல்லாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். – வாசகி, திருப்பூர்

பதில்: வீடு இன்னும் உங்களுடையதுதான், அம்மா. நோட்டீஸ் ஒட்டி, 'சட்டப்படி உடைமை எடுத்துவிட்டோம்' என்று அறிவிப்பது ஒன்று. குடியிருப்பவர்களை வெளியேற்றிப் பூட்டுப் போடுவது வேறு. நீங்களாகச் சாவியைக் கொடுக்காதவரை, இரண்டாவதற்கு வங்கிகள் வழக்கமாக மாவட்ட ஆட்சியரையோ தலைமை நீதித்துறை நடுவரையோ அணுகி உத்தரவு வாங்கித்தான் வருகின்றன. ஆனால் உங்களுக்கான நாள்கணக்கு தொடங்கிவிட்டது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து பார்ப்போம். தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு, வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவின்படி, 60 நாளில் கடனைத் தீர்க்கச் சொல்லி வங்கி கேட்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்தின் மீது நடவடிக்கை என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்கியவர் ஒருவருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் அது சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்கிறது விதி. கணவர் பெயருக்கு ஓர் உறை போனது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று வங்கி சொன்னால் அதை நீங்கள் எதிர்க்கலாம். கடனாளி உண்மையில் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குத்தான் நோட்டீஸ் போக வேண்டும். அவர் வாங்காமல் தவிர்க்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், கதவில் ஒட்டி, இரண்டு முன்னணி நாளிதழ்களில் விளம்பரமும் தர வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும்.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. நோட்டீஸ் உங்களுக்குச் சரியாக அனுப்பப்படவே இல்லை என்றால் அது வலுவான வாதம். ஆனால், சரியான முகவரிக்குப் பதிவுத் தபால் போய், 'வாங்க மறுப்பு' என்று திரும்பியிருந்தால் அதைச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீடு மாறியதை வங்கிக்குத் தெரிவிக்காமல் இருந்துவிட்டு, பழைய முகவரிக்கு அனுப்பியது தவறு என்று சொல்வதும் எடுபடாது. இன்றே வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்பு நோட்டீஸின் நகல், தபால் அனுப்பிய ரசீது, ஒப்புகை அட்டை அல்லது திரும்பி வந்த உறை, இவற்றின் நகல்களைக் கேளுங்கள். நேரில் கொடுத்து முத்திரையுடன் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். கதவில் இருக்கும் நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். தேதி தெரியும்படி நீங்களும் படம் எடுத்து வையுங்கள். ஒட்டிய ஏழு நாளுக்குள் அதே அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வந்திருக்க வேண்டும். வந்ததா, என்ன தேதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கியின் நடவடிக்கையை எதிர்ப்பதற்கான இடம் கடன் வசூல் தீர்ப்பாயம். உங்களுக்குக் கோயம்புத்தூரில் இருக்கிறது. 17ஆவது பிரிவின் கீழ், நடவடிக்கை எடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போட வேண்டும். இந்த விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்குப் போனால், அதற்கு விசாரிக்க அதிகாரமில்லை என்று சொல்லும் 34ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அங்கே போய் மாதங்களை இழந்துவிட்டு வந்தவர்களின் கடிதங்களைப் படித்து மனம் நொந்திருக்கிறேன். ஒரு காலத்தில், மனு போடவே பாக்கித் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்டவேண்டும் என்று இந்தச் சட்டம் சொன்னது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று முதல் கட்டத்தில் சட்டம் அப்படி எதையும் கேட்பதில்லை. தடை உத்தரவு தரும்போது ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித் தீர்ப்பாயம் நிபந்தனை விதிக்கலாம். அங்கே தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால்தான் பாதித் தொகை கட்ட வேண்டும். அதைக் கால் பங்குவரை குறைக்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் குறை கண்டு நீங்கள் ஜெயித்தால், வங்கி மறுபடியும் முதல் படியிலிருந்து ஏறி வரும். வட்டியும் கூடவே ஏறும். கடன் ரத்தாகாது. உங்களுக்குக் கிடைப்பது அவகாசம்தான். அந்த அவகாசத்தில் பணம் புரட்டவோ, வங்கியுடன் ஒரே தவணைத் தீர்வு பேசவோ, நல்ல விலைக்கு நீங்களே வீட்டை விற்றுக் கடனை அடைக்கவோ வழி பாருங்கள். நீங்களே விற்பதாக இருந்தால் வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் அவசியம். 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு அதில்லாமல் விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: கயிறு ஆலைக்காகத் தென்னந்தோப்பை அடமானம் வைத்தேன். 60 நாள் நோட்டீஸ் வந்ததும், இது விவசாய நிலம், சர்ஃபேசி சட்டம் பொருந்தாது என்று பதில் அனுப்பினேன். வங்கி பதிலே போடாமல் உடைமை அறிவிப்பு ஒட்டிவிட்டது. – வாசகர், பொள்ளாச்சி

பதில்: சரியான நேரத்தில் எழுத்துமூலமாகப் பதில் கொடுத்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். ஆட்சேபம் வந்தால் வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணத்தோடு 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். 13(3ஏ) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இது கட்டாயக் கடமை என்று 2018இல் புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே வழக்கில், கடனாளி பலமுறை அவகாசம் வாங்கியும் கட்டாததைக் கணக்கில் எடுத்து, பதில் தராத குறைக்காக வங்கியின் நடவடிக்கையை ரத்து செய்யவில்லை. உங்கள் நடத்தையும் தராசில் வைக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

விவசாய நிலத்துக்கு 31ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. அடமானம் வைத்த நேரத்தில் உண்மையிலேயே விவசாயம் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடனாளியுடையது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு), தேங்காய் விற்ற ரசீதுகள், பாசன மின் இணைப்பின் பதிவு எல்லாவற்றையும் திரட்டுங்கள். தோப்பின் ஒரு பகுதியில் ஆலைக் கொட்டகை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டை ஏலம் விடப்போவதாக 4ஆம் தேதி நாளிதழில் அறிவிப்பு வந்தது. ஏலம் 26ஆம் தேதி. இப்போது உறவினர்கள் சேர்ந்து முழுப் பணத்தையும் கட்டத் தயாராக இருக்கிறார்கள். வங்கி மறுக்க முடியுமா? – வாசகர், மதுரை

பதில்: ஏல அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே 30 நாள் இருக்க வேண்டும். இது கட்டாயம் என்று 2014இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. உங்கள் கணக்கில் 22 நாள்தான் இருக்கிறது. ஆனால், முன்பே ஒரு ஏலம் வைத்து அது நடக்காமல் போயிருந்தால் அடுத்த முறைக்கு 15 நாள் போதும். இது முதல் ஏலமா என்று பார்த்துவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு வருத்தமான பதில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை கடனைக் கட்டி மீட்கலாம். 2016இல் 13(8) பிரிவு திருத்தப்பட்டது. இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்புவரைதான் அது உங்கள் உரிமை. 2023இல் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில், ஏலம் முடிந்த பிறகு கடனாளி கூடுதல் தொகை தந்து மீட்டதையே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே நீங்கள் இப்போது வேண்டுகோளாகத்தான் கேட்க முடியும். ஆனாலும் கேளுங்கள், இன்றே கேளுங்கள். ஏலம் இன்னும் நடக்கவில்லை. மூன்றாவது ஆளுக்கு எந்த உரிமையும் வந்துவிடவில்லை. வங்கிக்குத் தேவை பணம்தானே. வங்கிக் காசோலையின் நகலோடு எழுத்தில் கொடுங்கள். கூடவே, 30 நாள் குறைபாட்டைச் சொல்லித் தீர்ப்பாயத்திலும் மனு போடுங்கள். கடன் தீர்ந்துவிட்டால், மூலப்பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்.

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உரிமையாளர் போனை எடுப்பதில்லை. – வாசகி, சென்னை

பதில்: வாடகை ஒப்பந்தம், வாடகை செலுத்திய வங்கிப் பதிவு, எரிவாயு இணைப்பு ரசீது இவற்றின் நகல்களோடு, நீங்கள் குடியிருப்பதை வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாடகைதாரரும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு குடிவந்தவருக்கோ, குத்தகைக் காலம் முடிந்தவருக்கோ அங்கே பாதுகாப்பு கிடைக்காது. அட்வான்ஸ் பணத்தை உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அதனால் அவருக்கும் இன்றே பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வங்கி ஏலத்தில் வீடு மலிவாக வருகிறது. வாங்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: வாங்கலாம். ஆனால் மேலே உள்ள கடிதங்களையெல்லாம் படித்துவிட்டு வாங்குங்கள். அங்கே தவறிய ஒவ்வொரு நோட்டீஸும் நாளை உங்கள் வழக்காக வந்து நிற்கும். ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றோ மறுவேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதியை ஏலம் உறுதியான 15 நாளில் அல்லது எழுத்தில் ஒப்புக்கொண்ட, மூன்று மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். வங்கி உங்களுக்குக் கடன் தருமா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொத்து வரி, குடிநீர் வரி பாக்கியை விசாரியுங்கள். முந்தைய உரிமையாளரின் மின் கட்டணப் பாக்கியைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என்று மின் வாரியம் விதிகளின்படி கேட்க முடியும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 30 ஆண்டு வில்லங்கச் சான்று போடுங்கள். வங்கியிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: சாவி உங்கள் கையில் இருக்கிறதா, காகிதத்தில் மட்டும்தான் உடைமையா? தீர்ப்பாயத்தில் வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா? கேட்பு நோட்டீஸ் எல்லாக் கடனாளிகளுக்கும் சேர்ந்ததற்கு ஒப்புகை இருக்கிறதா? பிறகு நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே குடும்பம் குடியிருந்தால், அவர்கள் வெளியேறும்வரை ஆகும் மாதங்களையும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.