மினி ஸ்க்ரூவின் மேற்பரப்புக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால் மேல்வரிசையில் இரண்டு பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டிருக்கிறோம். முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க, இருபுறமும் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், தாடை எலும்பில் பிடிமானத்துக்காக மினி ஸ்க்ரூ என்ற சிறு திருகாணியைப் பொருத்த வேண்டும் என்கிறார் மருத்துவர். சாதாரண ஸ்க்ரூவோடு, மேற்பரப்பைப் பதப்படுத்திய வகையும் இருக்கிறதாம். அது கழன்றே வராது என்றும், ஒன்றுக்கு 1,500 ரூபாய் கூடுதல் என்றும் வரவேற்பறையில் சொன்னார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கழன்றே வராது என்ற பேச்சை நம்பி அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எந்த மினி ஸ்க்ரூவுக்கும் அப்படி உறுதி தர முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வுகளின்படி, ஏறத்தாழ நூற்றுக்கு 13 அல்லது 14 ஸ்க்ரூக்கள் வேலை முடியும் முன்பே தளர்ந்துவிடுகின்றன.

இந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் டைட்டானியத்துடன் அலுமினியமும் வனேடியமும் கலந்த உலோகத்தால் ஆனவை, பொதுவாக 1.2 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனும் 6 முதல் 12 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை. பொருத்திய அன்று ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது தாடை எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிதான். அடுத்த சில வாரங்களில் மரையைச் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கரைந்து, அந்த இடத்தில் புது எலும்பு உருவாகும். பழைய பிடிப்பு குறைந்து புதுப் பிடிப்பு முழுமையாக வராத இந்த இடைக்காலத்தில்தான் ஸ்க்ரூ ஆட்டம் காண வாய்ப்பு அதிகம். துகள்களைப் பீய்ச்சியடித்து, அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பில் புது எலும்பு நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்பதே உற்பத்தியாளர்களின் வாதம். விலங்குகளில் செய்த சோதனைகள் பலவற்றில், அத்தகைய ஸ்க்ரூவைக் கழற்ற அதிக முறுக்கு விசை தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் நோயாளிகளிடம் இரண்டு வகைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், கழலாமல் நிலைத்த ஸ்க்ரூக்களின் விகிதத்தில் அதற்கேற்ற தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

பெரும்பாலான ஸ்க்ரூக்கள் தளர்வதற்கு மேற்பரப்பு காரணமில்லை என்பதால் இதில் வியப்பில்லை. சுற்றியுள்ள ஈறு வீங்குவது, ஸ்க்ரூ பல்லின் வேரைத் தொடுவது, அந்த இடத்தில் எலும்பின் வெளிப்பகுதி மெலிந்திருப்பது, அளவுக்கு மீறி இறுக்குவது ஆகியவையே முக்கியக் காரணங்கள். 1.6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 5 முதல் 10 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கு விசை போதும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதைவிட இறுக்கினால் எலும்பே நசுங்கக்கூடும். அசையும் கன்னச் சதையில் அல்லாமல், எலும்போடு ஒட்டிய கெட்டியான ஈறில் ஸ்க்ரூ அமைகிறதா, வேர்களுக்கு இடையே போதிய இடம் இருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இழந்த பல்லுக்குப் பதிலாக வைக்கும் இம்பிளான்ட் நிரந்தரமாக இருக்க வேண்டியது. மினி ஸ்க்ரூவோ வேலை முடிந்ததும் திருகிக் கழற்ற வேண்டியது. எலும்பு மிக இறுக்கமாகப் பற்றிக்கொண்டால், இவ்வளவு மெல்லிய ஸ்க்ரூ கழற்றும்போது உடைய வாய்ப்புண்டு. ஈறைத் தொடும் கழுத்துப் பகுதி சொரசொரப்பாக இருந்தால் அழுக்கும் எளிதில் படியும். ஆகவே பதப்படுத்திய வகையிலும் கழுத்து வழவழப்பாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவின் தலையில் தெரியும் நீலமோ தங்க நிறமோ பெரும்பாலும் அளவை அடையாளம் காட்டுவதற்கே; நிறத்தை வைத்துப் பதப்படுத்திய ஸ்க்ரூ என்று முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் மகளுக்கு அதே இடத்தில் சாதாரண ஸ்க்ரூ ஏற்கெனவே கழன்றிருந்தாலோ, எலும்பு மென்மையாக இருப்பதாக மருத்துவரே காரணம் சொன்னாலோ மட்டும் கூடுதல் செலவைப் பற்றி யோசிக்கலாம். எந்த வகையானாலும், தளர்ந்தால் மறுபடி பொருத்தக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறையில் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் குறித்த ரசீதைக் கேளுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஸ்க்ரூவை இன்னொருவருக்குப் பொருத்தக் கூடாது.

ஸ்க்ரூ தளர்ந்ததாலேயே சிகிச்சையில் அலட்சியம் என்று ஆகிவிடாது. எழுதிக் கொடுத்ததை மீறிப் பணம் கேட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

தினமும் மென்மையான பிரஷ்ஷால் ஸ்க்ரூவைச் சுற்றித் துலக்கச் சொல்லுங்கள். ஆட்டமோ வலியோ தெரிந்தால் அடுத்த முறை போகும் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.