கண்ணுக்குள் லென்ஸ் வைத்த பிறகும் பவர் ஏறுமா?

மைனஸ் 8, 10 என்று கிட்டப்பார்வை ஏறிவிட்டால் லேசர் சிகிச்சை பலருக்குச் சரிவராது. அவ்வளவு பவரைக் குறைக்கக் கருவிழியை அதிகம் செதுக்க வேண்டும். அப்படிச் செதுக்கினால் கருவிழி மெலிந்துபோகும். அதனால்தான் இயற்கை லென்ஸை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஐசிஎல் என்ற மெல்லிய லென்ஸை வைக்கிறோம். அதை வைத்துக்கொண்டவர்களும் வைக்க நினைப்பவர்களும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கேட்ட கேள்விகள் இவை.

இரண்டு கண்ணிலும் ஐசிஎல் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. முன்பு மைனஸ் 11. முதல் வருடம் எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் பக்கத்தில் வந்தால்தான் போர்டு தெரிகிறது. மைனஸ் 0.75 பவர் இருக்கிறதாம். லென்ஸ் கெட்டுவிட்டதா? (ஆசிரியை, ஆரல்வாய்மொழி)

லென்ஸ் கெடவில்லை. அதன் பவர் தயாரித்தபோது என்னவோ அதுவேதான் இன்றும் இருக்கும். மாறியிருப்பது உங்கள் கண்ணாக இருக்கலாம்.

சாதாரணக் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதிகக் கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் 26-ஐத் தாண்டியிருக்கும். கண் 1 மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை பவர் கூடும். அப்படியென்றால் கால் மில்லிமீட்டர் நீட்சியே அரை பவருக்கு மேல் ஏற்றிவிடும். பெரும்பாலோருக்கு இருபதுகளில் இந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதிகக் கிட்டப்பார்வை உள்ள சிலருக்கு அதற்குப் பிறகும் மெதுவாக நீள்கிறது. ஐசிஎல் அதைத் தடுக்காது.

ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். முதலில் கண் உலர்ச்சி. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஸ்கூட்டர் ஓட்டுபவர் நீங்கள் என்றால் இதை நான் முதலில் சந்தேகிப்பேன். கண்ணைச் சிமிட்டியதும் பார்வை தெளிந்து, அப்புறம் மறுபடி மங்குகிறதா என்று கவனியுங்கள். அடுத்தது சர்க்கரை, ரத்தத்தில் அது ஏறினால் பவரும் தற்காலிகமாக ஏறும். கர்ப்ப காலத்திலும் பவர் கொஞ்சம் ஆடும். இயற்கை லென்ஸில் புரை ஆரம்பித்தாலும் மைனஸ் கூடும். உங்களுக்கு வைத்தது சிலிண்டர் பவரும் (கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர்) சேர்ந்த டோரிக் லென்ஸ் என்றால், அது சுழன்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 30 டிகிரி சுழன்றாலே சிலிண்டர் திருத்தம் முழுக்க வீண். அதை மறுபடி திருப்பி வைக்க முடியும்.

எதுவும் இல்லை, கண்தான் நீண்டிருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். கண் நீளத்தை இப்போது அளந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அதுவரை வண்டி ஓட்டவும் கரும்பலகையைப் பார்க்கவும் ஒரு சின்னக் கண்ணாடி போதும். மைனஸ் 11-லிருந்து 0.75-க்கு வந்திருப்பதைத் தோல்வி என்று நான் சொல்லவே மாட்டேன். பவர் நிலையாக நின்ற பிறகும் கண்ணாடி வேண்டாம் என்று தோன்றினால், கருவிழி இடம் கொடுக்கும்பட்சத்தில் லேசரில் மிச்சத்தைச் சரிசெய்யலாம்.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். நாலு வருடம் முன்பு லென்ஸ் வைத்தேன், பார்வை நன்றாகவே இருக்கிறது. ஒரு வாரமாக விடியற்காலை இருட்டில் கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கொசு பறப்பது போலவும் இருக்கிறது. வெட்டு சீசன் முடிந்து பார்க்கலாமா? (குலசேகரம்)

கூடாது. இவருக்கு உடனே தகவல் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அதில் கிழிசல் விழும்போது வரும் அடையாளம்தான் இந்த மின்னலும் திடீர்க் கரும்புள்ளிகளும். கிழிசலோடு இருக்கும்போது வந்தால் லேசர் போட்டு அடைத்துவிடலாம். விழித்திரை பிரிந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும். நடுப்பகுதியும் பிரிந்துவிட்டால் பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைத்தால் அன்றைக்கே கிளம்புங்கள். திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ, விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள்.

லென்ஸ் வைத்த பலரும் கண்ணாடியோடு கிட்டப்பார்வை நோயும் போய்விட்டதாக நினைத்து பரிசோதனைக்கு வருவதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். உங்கள் கண் இன்னமும் நீண்ட கண்தான். சொட்டு மருந்து விட்டு விழித்திரை முழுவதையும் வருடம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். கூடவே கண் அழுத்தம், கருவிழியின் உள்பக்கச் செல்களின் எண்ணிக்கை, ஐசிஎல்லுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மூன்றையும் பார்ப்பார்கள். அந்த இடைவெளி கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை இருந்தால் நிம்மதி.

மகளுக்கு 17 வயது, மைனஸ் 9. வருடா வருடம் ஏறுகிறது. காலேஜ் போகும் முன்பே லென்ஸ் வைத்துவிட்டால் நல்லது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். (மார்த்தாண்டம்)

வேண்டாம் அம்மா, பொறுங்கள். பவர் ஏறிக்கொண்டிருக்கும் கண்ணில் இன்றைய அளவுக்கு லென்ஸ் வைத்தால் நாளைக்கு அது பத்தாது. பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும், கடைசி ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. இதற்கு ஆதாரம் பழைய கண்ணாடிச் சீட்டுகள்தான். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். அதுவரை கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போதும். பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து உண்டு, அது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கல்யாணப் பேச்சுக்காக இதில் அவசரம் காட்ட வேண்டாம் என்று வீட்டில் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எனக்கு 43. தூரம் பளிச்சென்று தெரிகிறது. கிட்டத்தில் செல்போன் எழுத்து தெரியவில்லை. (தக்கலை)

வெள்ளெழுத்து. லென்ஸ் வைக்காதவருக்கும் இந்த வயதில் வருவதுதான். படிக்கிற கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் தொழில் செய்கிறேன். லென்ஸ் வைத்தால் எப்போது தொழிலுக்குப் போகலாம்? இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்கிறார்களே? (குளச்சல்)

வளையம் தெரியும், மறைக்க மாட்டேன். கண்ணுக்குள் நீரோட்டம் தடைபடாமல் இருக்க இப்போதைய ஐசிஎல்லின் நடுவில் 0.36 மில்லிமீட்டரில் ஒரு துளை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒளி சிதறும்போதும், இருட்டில் கண்மணி விரியும்போதும் வளையம் வரும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அது உறுத்தாமல் போய்விடும். இரவில் வள்ளத்தில் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்கிறவர் நீங்கள். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், உங்கள் கண்மணி இருட்டில் எவ்வளவு விரிகிறது என்று அளந்து பார்க்கட்டும்.

தொழிலுக்கு, குறைந்தது ஒரு மாதம் கழித்து, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு போங்கள். காயம் சின்னதுதான், ஆனால் கடல் தண்ணீர் உள்ளே போனால் கிருமி தொற்றும். கயிறோ தூண்டிலோ கண்ணில் அடித்தால் லென்ஸ் நகர்ந்துவிடலாம், அதனால் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அறுவை சிகிச்சை நடந்த முதல் நாளிலோ அடுத்த சில நாட்களிலோ கடுமையான கண்வலி, தலைவலி, குமட்டல் மூன்றும் சேர்ந்து வந்தால் அழுத்தம் ஏறியிருக்கலாம். மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள்.

பின்னாளில் புரை வந்தால் இந்த லென்ஸ் இடைஞ்சலா? (நாகர்கோவில்)

இல்லை. அன்றைக்கு ஐசிஎல்லை எடுத்துவிட்டு, அதே அமர்வில் புரையையும் நீக்கி வழக்கமான லென்ஸை வைப்பார்கள். உங்களிடம் கொடுத்த லென்ஸ் அட்டையையும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய அளவுகளையும் பத்திரமாக வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள்.