பின்னணி இசை காட்சியோடு ஒட்டவில்லை என்றால் தவறு யாருடையது?

குறும்படத்துக்கு நண்பர் போட்டுத் தந்த இசை தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, படத்தோடு வைத்தால் ஒட்டவில்லை என்கிறீர்கள். அவரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: இசைக்குக் கொடுத்த பிறகு படத்தில் எங்கேயாவது கத்திரி போட்டீர்களா? அநேகமாகப் போட்டிருப்பீர்கள்.

படம் நொடிக்கு 24 பிரேம். டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 பீட் என்றால், ஒரு பீட்டுக்கு 12 பிரேம். இசை தொடங்கி 20.5 நொடியில் கதவு படாரென்று சாத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பீட் தாளத்தில் (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார்) அது 11ஆவது பாரின் இரண்டாவது பீட்டில் விழும், அழுத்தமே இருக்காது. டெம்போவை 117க்கு இறக்கினால் அந்த பாரின் முதல் பீட் சரியாகக் கதவின்மேல் வந்து உட்காரும், ஒரு பிரேம்கூடப் பிசகாது. இப்படிக் கணக்குப் போட்டு எழுதிய பிறகு, அதற்கு முந்தைய ஷாட்டில் நீங்கள் 8 பிரேம் குறைத்தால் கதவு முந்திக்கொள்ளும், இசையின் அடி மூன்றில் ஒரு பங்கு நொடி பிந்தி விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் உறுத்தும். எடிட் லாக் ஆகாமல், அதாவது இனி வெட்டு இல்லை என்று முடிவாகாமல், ஆர்.ஆருக்கு (பின்னணி இசைக்கு) கொடுக்கவே கூடாது.

முதலில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறதா? அப்படியானால் பிரேம் ரேட்டைப் பாருங்கள். 24 பிரேம் படத்தை 25இல் ஓடும் பிரதியாகக் கொடுத்திருந்தால், ஒரு நிமிடக் காட்சி அவருக்கு 57.6 நொடிதான்.

வசனத்தை இசை அமுக்குகிறது என்றால் மொத்த ஒலியையும் குறைக்காதீர்கள், காட்சியே செத்துவிடும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. வயலினின் கூர்மையும் அதே இடத்தில்தான். தந்தி, தாளம், மெலடி மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக (தனி ஒலிக்கோப்புகளாக), 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் வாங்குங்கள். வசனம் வரும் இடத்தில் மெலடியை மட்டும் இறக்கினால் போதும், கனத்த குரல் கொண்ட தந்தி வாத்தியமான செல்லோ கீழே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இசையமைப்பாளர்மேல் தவறே இருக்காது என்று நான் சொல்லவில்லை. வசனத்தின் குறுக்கே மெலடி எழுதினால் அது அவர் தவறுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேறு படத்தின் இசையை டெம்ப் டிராக்காக (தற்காலிக இசையாக) ஒட்டி, வாரக்கணக்கில் அதையே கேட்டுப் பழகிவிட்டு, பிறகு புது இசையில் ‘அந்த ஃபீல் வரலை’ என்பது பெரிய அநியாயம். அதற்குப் பயந்து நகலெடுக்கிறவர்மேல்தான் கடைசியில் திருட்டுப் பழியும் விழுகிறது. டெம்ப் வைத்தே தீர வேண்டும் என்றால் தனி டிராக்கில் வையுங்கள். அவர் முதல்முறை பார்க்கும்போது அது மியூட்டில் இருக்கட்டும்.